அப்கிரேடு முடிந்தது என்று வந்த பிறகு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும். ஒரு டேட்டாபேஸ் சர்வர் என்னை நகரவிடவில்லை. நீயும் அடுத்த மாதம் இதே வேலையில் இறங்கப்போவதாக எழுதியிருந்தாய், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் மேல் போஸ்ட்கிரெஸ் 12 என்ற டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்குமே 2024-இல் ஆதரவு நின்றுபோயிற்று. புது மெஷினில் ராக்கி லினக்ஸ் 9, போஸ்ட்கிரெஸ் 17 என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை இரவு பழைய சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை அப்படியே புது மெஷினுக்குக் காப்பி செய்து, அங்கே பழைய பதிப்பின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றும் பிஜி_அப்கிரேடை ஓட்டினேன்.

உடனே நின்றுவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் பிஜி_டிஆர்ஜிஎம் என்ற கூடுதல் லைப்ரரியைக் காணோம் என்று ஒரு ஃபைலில் எழுதியே வைத்திருந்தது. அது இருக்கும் 17-க்கான கன்ட்ரிப் பேக்கேஜை நான் போட மறந்திருந்தேன். போட்டதும், ஃபைல்களை மறுபடி காப்பி செய்யாத லிங்க் முறையில் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஞாயிறு முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை எல்லாமே மெதுவாக ஊர்ந்தது. அது தெரிந்த விஷயம்தான்: 17 வரை, அப்கிரேடு செய்யும்போது எந்த வழியில் தேடுவது என்று தீர்மானிக்கும் பிளானருக்கான புள்ளிவிவரங்கள் கூடவே வராது. அவற்றைப் புதிதாகச் சேகரிக்கும் அனலைஸை ஓட்டியதும் வேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் கவுண்டரிலிருந்து போன் வந்தது. "சார், இந்த உறுப்பினர் இருபது வருஷமாக இருக்கிறார், நம்பர் போட்டால் இல்லை என்கிறது."

நானும் தேடினேன், இல்லை. வேகமாகத் தேட வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பட்டியலான இண்டெக்ஸைப் பயன்படுத்தாதே என்று செட்டிங்கை மாற்றித் தேடினேன். இருந்தார்! அடிவயிறு கலங்கிவிட்டது மாப்ளே. டேட்டா பத்திரமாக இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் தப்பாகிவிட்டது.

காரணம் போஸ்ட்கிரெஸ் இல்லை, அடியில் இருக்கிற ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை லைப்ரரி. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் அதனிடம்தான் கேட்கிறது. 2018-இல் வந்த 2.28 பதிப்பில் அந்த விதிகள் பெரிய அளவில் மாறின. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, ராக்கி 9-இல் 2.34. எங்கள் உறுப்பினர் எண்களில் நடுவே ஒரு கோடு உண்டு. பழைய விதியில் "11" முதலில், "1-1" பிறகு. புது விதியில் நேர் எதிர். இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கியிருக்க, சர்வர் புது வரிசைப்படி தேடினால் எப்படிக் கிடைக்கும்? எச்சரிக்கைகூட வரவில்லை. 12 அந்த டேட்டாபேஸுக்கான ஜிலிப்சி பதிப்பைக் குறித்து வைப்பதில்லை, 17 தன் பங்குக்குப் புதிய பதிப்பையே குறித்துக்கொண்டது.

எனக்கு வலித்தது அடுத்தது. உறுப்பினரைக் காணோம் என்று கவுண்டரில் சிலரைப் புதிதாகப் பதிந்துவிட்டார்கள். ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸும் கெட்டிருந்ததால் ஒரே எண் இரண்டு முறை ஏறிவிட்டது. இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் செய்யப் போனால், இரட்டை எண் இருக்கிறது என்று அதுவும் நின்றது. இரண்டு நாள் கவுண்டர் ஆட்களோடு உட்கார்ந்து, ரசீதுகளைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அவர்கள் மேல் தப்பே இல்லை, நான் நீட்டிய திரையை நம்பித்தான் பதிந்தார்கள். எல்லா இண்டெக்ஸையும் புதிதாகக் கட்டி, இண்டெக்ஸ்களைச் சோதிக்கும் பிஜி_ஏஎம்செக் சுத்தம் என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். எண் இருக்கும் நெடுவரிசையை இப்போது "சி" கொலேஷனுக்கு, அதாவது எழுத்துகளை வெறும் பைட் மதிப்பால் அடுக்கும் விதிக்கு மாற்றிவிட்டோம். ஜிலிப்சி மாறினாலும் அந்த வரிசை மாறாது.

நீ கிளம்புமுன் ஒன்றே ஒன்று செய். "1-1", "11" இரண்டையும் பழைய மெஷினிலும் புது மெஷினிலும், உன் டேட்டாபேஸில் உள்ள அதே லோகேலில் (மொழி, வரிசை அமைப்பு), வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டில் போட்டுப் பார். வரிசை வேறாக வந்தால் டைரக்டரியைக் காப்பி செய்யாதே, டேட்டாவை டம்ப்பாக வெளியே எடுத்து, புது மெஷினில் ரீஸ்டோர் செய். நேரம் அதிகம் ஆகும், ஆனால் இண்டெக்ஸ் எல்லாம் அங்கேயே புதிதாகக் கட்டப்படும். வரிசை ஒன்றாக வந்தாலும் பிஜி_ஏஎம்செக்கை ஓட்டாமல் கவுண்டரைத் திறக்காதே. பழைய மெஷினையும் ஒரு மாதம் கலைக்காமல் வை.

என்ன வந்தது என்று எழுது. எந்தச் சனிக்கிழமை என்றும் சொல், அன்றிரவு போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அம்மாவை வெயிலில் அலையவிடாதே, கண்ணாடி போட்டதும் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்