கொதிகலனைச் சோதித்த பிறகே நெருப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிந்தைய பொழுதுபோக்குகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நீராவி இழுவை எஞ்சின் மாதிரிகளைச் செய்வதையும் குறிப்பிட்டிருந்தது மகிழ்ச்சி தந்தது. எனினும், கொதிகலனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியிருக்கலாம். இங்கிலாந்தின் வயல்களில் கதிரடிக்கும் இயந்திரங்களை ஓட்டிய அந்த எஞ்சின்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. சிலிண்டர் கொதிகலனின் முதுகின் மேலேயே அமர்ந்திருக்கும், பின்சக்கரங்களின் அச்சைத் தாங்கும் தகடுகளும் அதிலிருந்தே நீளும். ஆகவே கொதிகலனில் நேரும் பிசகு எஞ்சின் முழுவதையும் பாதிக்கும்.

சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 170 பாகை செல்சியஸ். உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்டும் சாதாரண ஈயப் பற்றாசோ (சால்டர்) 183 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் செம்புக் கொதிகலனை, 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசு கொண்டே இணைக்கிறார்கள். பிரிட்டனில் புதிய கொதிகலனில் நீரை நிரப்பி, இயங்கு அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்றிச் சோதித்த பின்னரே நெருப்பு மூட்ட அனுமதிக்கிறார்கள். நீர் அழுத்தத்தில் அதிகம் சுருங்காது என்பதால், இணைப்பு விட்டாலும் கசிவோடு போகும். நீராவியோ வெடித்துச் சிதறும்.

லேத்தும் பொறுமையும் உள்ள ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் நம்மிடையே ஏராளம். பாலிடெக்னிக் கல்லூரிகள் தம் பட்டறைகளில் இத்தகைய சோதனைக்கு வசதி செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர்,
பொன்மலை, திருச்சி.