மேடைக்கு வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை நான். ஆண்டு விழா நன்றியுரைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் அதில் நான்கு நிமிடம் மேடையில் இருப்பவர்களுக்கே சரியாகப் போய்விடும். நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் மேடைக்கு வரவே மாட்டார்கள், கூப்பிட்டாலும் "இருக்கட்டும் டீச்சர், வேலை கிடக்குது" என்று நழுவிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் விவரம். எங்கள் பள்ளியைச் சுற்றி இருக்கும் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் வந்து நாலைந்து பேராக ரூம் எடுத்துத் தங்குவார்கள், இப்போது பெண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். அம்மா செக்கிங், அப்பா டெய்லர் என்று இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விட்டால், மூத்த பிள்ளை சின்னதைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு நின்றுவிடும். அப்படி நிற்கும் பிள்ளையைத் தேடிப் போய்ச் சேர்க்கையில் பெயர் எழுதுவது எங்கள் வேலை, அதைச் செய்துவிடலாம். அந்தப் பிள்ளை மறுநாளும், அதற்கு மறுநாளும் தானாக வர வேண்டுமே, அது ஆசிரியர்களால் மட்டும் நடந்த காரியம் கிடையாது. நடத்திக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காக்களே, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பொங்கலும் கிச்சடியும் எல்லாப் பள்ளியிலும்தான் போடுகிறார்கள். நீங்கள் செய்வது அதற்கும் மேலே. தமிழ் தெரியாத பிள்ளைக்கு இன்னொரு கரண்டி கேட்கத் தெரியாது, தட்டு காலியானதும் பேசாமல் எழுந்து கை கழுவப் போய்விடும். இதை எங்களுக்கு முன்னால் கவனித்தது நீங்கள். அன்றிலிருந்து பாத்திரத்தோடு வரிசை வரிசையாக நீங்களே போய், முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா கண்ணு" என்று கையால் கேட்டு வைக்கிறீர்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வந்த புதிதில் யாரிடமும் வாயே திறக்கவில்லை, அவன் இந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சொன்ன தமிழ்ச் சொல் "போதும்க்கா".

அப்புறம், லைன் வீட்டிலிருந்து வரும் அந்த ஒடியா அம்மா. கம்பெனியிலேயே தமிழ் பழகியவர். சேர்க்கை நடக்கும் நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தை எங்களுக்குத் தந்துவிட்டு, பல நாள் சாப்பிடாமலே திரும்ப ஓடுவார். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் காசு போச்சு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நான் அதை ஆயிரம் முறை சொன்னாலும், கையில் ஒரு தாளும் இல்லாமல் வாசலில் தயங்கி நிற்கும் ஓர் அப்பாவுக்கு நம்பிக்கை வராது. தன் ஊர்க்காரப் பெண் தன் பேச்சில் சொன்னால் வரும். அம்மா, நீங்கள் பேசிச் சேர்த்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவரைக் கண்டும் காணாமல் அனுப்பிவைத்த கம்பெனி லைன் சூப்பர்வைசர் அண்ணாவுக்கும் சேர்த்து நன்றி.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உள்ளூர்ப் பெற்றோர் சிலருக்கு ஒரு கவலை இருந்தது: புதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவே டீச்சருக்கு நேரம் போய்விட்டால் எங்கள் பிள்ளை என்ன ஆவது? அதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்தத் தாய்க்கும் வருகிற கவலைதான். தலைவராக இருக்கும் அம்மா அதைக் கூட்டத்தில் வாதாடி அடக்கப் பார்க்கவில்லை. "ஒருக்கா வந்து வகுப்புல உக்காந்து பாருங்க" என்று கவலைப்பட்டவர்களையே கூட்டி வந்துவிட்டார். அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பத்தான் உட்காருகிறார்கள். தமிழில் அரும்பாக இருக்கும் ஒரு ஜார்க்கண்ட் பெண் கணக்கில் மலர், பக்கத்தில் இருக்கும் உள்ளூர்ப் பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தலை விரல் விட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தப் பையனின் அம்மாவே வந்திருந்தார், பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் கூட்டத்தில் அந்தப் பேச்சு எழவே இல்லை. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் ஏன் எழுதினார்கள் என்பதை இந்த அம்மாக்களைப் பார்த்துத்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

என் சக ஆசிரியர்களுக்கு. "அடிச்சு வளருங்க டீச்சர், நாங்க கேட்க மாட்டோம்" என்று பெற்றோரே சொல்லும்போதும் பிரம்பைத் தொடாமல் இருப்பது லேசான வேலை இல்லை. உடலை நோகடிப்பதும் மனதை நோகடிப்பதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி கூடாதுதான், ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தம் போடும் மதிய வேளையில் சட்டப் பிரிவு ஞாபகத்துக்கு வராது, பொறுமைதான் கை கொடுக்கும். அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தது. "இந்திக்காரன்" என்று கூப்பிடும் பழக்கம் ஆறாம் வகுப்பில் தலைகாட்டியபோது, வகுப்பாசிரியர் யாரையும் எழுப்பி நிறுத்தித் திட்டவில்லை. ஒவ்வொரு பெயரையும் அவரவர் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எல்லோரும் சொல்லிப் பழகும் வரை வருகைப் பதிவைப் பிள்ளைகளையே வாசிக்க வைத்தார். விளையாட்டு ஆசிரியர் கபடிக்கு ஊர்வாரியாக அணி பிரிக்க ஒரு நாளும் விடவில்லை. ஒரே அணியில் கை கோத்து நின்று பாடிப் போனவனை வெளியே வந்து எப்படிப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது?

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளே, புதிதாக வருகிற பிள்ளைக்கு அதே காம்பவுண்டிலிருந்து ஒரு கூட்டாளியைப் பிடித்துக் கொடுப்பது உங்கள் யோசனை. கூடவே நடந்து வர, தண்ணீர்க் குழாயைக் காட்ட, முக்கியமாகக் கழிப்பறை எங்கே என்று காட்ட. பிள்ளை இரண்டே நாளில் நின்றுவிடுவதற்குப் பல நேரம் காரணம் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது. பெண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தால் அன்றைக்கே சொல்லி, அன்றைக்கே சரி செய்ய வைக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் இதே இடத்தில் என் நன்றி.

மாலையில் லாரி போகும் ரோட்டைக் கடத்திவிடும் ஆட்டோ அண்ணா, அம்மா அப்பா ஷிப்ட் முடிந்து வரும் வரை தன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும், இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக வந்து இன்றும் விடாமல் தொடரும் அந்தப் பெண், நோட்டுக்கு எப்போதும் கணக்குப் பார்க்காத ஸ்டேஷனரிக் கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி.

இன்னும் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்கும், அதை ஒட்டி பீகார், ஜார்க்கண்ட் பக்கம் கொண்டாடும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகும் குடும்பங்களில் சில திரும்பி வருவதே இல்லை, வந்தாலும் வேறு கம்பெனி, வேறு பகுதி என்று போய்விடுகின்றன. போகும் முன் எங்களுக்கு ஒரு போன் செய்து சொல்லும் பெற்றோர் இப்போது கூடியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி நன்றி, அந்தத் தகவல் இருந்தால்தான் அடுத்த பள்ளியில் பிள்ளையை நாங்கள் தேடிச் சேர்க்க முடிகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. உங்கள் காம்பவுண்டில், பக்கத்து ரூமில், கம்பெனி வாசலில் பள்ளிக்கு வராத பிள்ளை யாராவது இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். ஆதார் இல்லை, டிசி இல்லை, தமிழ் வராது என்று வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்தால் சாப்பிட்டுவிட்டே வகுப்புக்குப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் தலைமை ஆசிரியை