ஊசி உடைந்தால் நிமிடம் யார் கணக்கில்? திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். நான் ஓவர்லாக் டெய்லர், அதாவது வெட்டிய துணிகளின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவர். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இப்போது தையல் மேசைக்கு ஒரு திரை வந்துவிட்டது. என் மேசையிலும் இருக்கிறது. வெட்டிய துணிகளின் கட்டான பண்டல் வந்ததும் அதிலுள்ள அட்டையைக் காட்ட வேண்டும், முடித்ததும் மறுபடி காட்ட வேண்டும். எத்தனை பீஸ், எத்தனை சதவீதம் என்று அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். (பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுக்கும் பவர் டேபிள்கள் என்ற சிறு தையல் கூடங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு தொல்லைகள்.)

திரையைக் கழற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. முன்பெல்லாம் லைன் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவதுதான் கணக்கு. வேண்டியவருக்குப் பத்து பீஸ் கூடும், ஆகாதவருக்குக் குறையும். இப்போது எண்ணிக்கையில் யாரும் கை வைக்க முடியாது. அந்த வகையில் திரை நல்லதுதான். சிக்கல் பீஸில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது.

தோள் இணைப்புக்கு அரை நிமிடம் என்று, வேலைக்கான நேரத்தை அளந்து குறிக்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவு குறித்துவிட்டால், எட்டு மணி நேரத்தின் 480 நிமிடத்தில் 960 பீஸ் தைத்தால்தான் நூறு சதவீதம். களைப்புக்கும் தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் சேர்த்தே அந்த அரை நிமிடத்தைக் குறித்திருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியின் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு முறையும் விரலால் நிமிர்த்தித்தான் ஊசிக்குக் கொடுக்க வேண்டும். லைக்ரா கலந்த துணியோ கை பட்டாலே இழுபடும். துணி மாறினாலும் திரையில் அதே அரை நிமிடம்தான் நிற்கிறது.

ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துண்டுகள் எல்லாம் கிடைத்து, பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. குழந்தை உடுத்தும் துணியில் ஊசிமுனை போய்விடக் கூடாது. நியாயமான விதி, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு துண்டு மட்டும் கிடைக்காமல் மேசைக்கு அடியில் காந்தத்தோடு தவழ்ந்துகொண்டிருக்கும்போது மேலே நிமிடம் ஓடுகிறது. சூப்பர்வைசர் வந்து 'மெஷின் நிறுத்தம்' பட்டனை அழுத்தினால்தான் அது நிற்கும். அவர் லைனின் அந்தக் கோடியில் இருப்பார். நிறுத்த நேரம் கூடினால் மேலிடத்தில் அவருக்கும் கேள்வி வரும் என்பதால் அழுத்தவும் அவருக்கு மனம் வராது. சாயங்காலம் என் பெயருக்கு நேராக, சதவீதம் குறைந்ததென்று சிவப்பு. மாதக் கடைசியில் ஊக்கத்தொகை குறையும். ஏன் என்று கேட்டால், சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்பார்கள். நோட்டில் எழுதிய மனிதரிடம் சண்டையாவது போடலாம்.

நீங்களும் இதே நிமிடக் கணக்கில் அடிபடுகிறவர்கள்தானே? ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தனை நிமிடம், நிமிடத்துக்கு இத்தனை காசு என்று வெளிநாட்டு பையர் விலையைப் பிரித்துக் கேட்கும்போது, நூல் விலையும் சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் அவர் கண்ணில் படவில்லையே என்று குமுறுகிறீர்கள். அந்தக் குமுறல்தான் எங்களுக்கும். உங்களில் பலர் டெய்லருக்கு உதவியாளாகக் கைமடித்து, கட்டிங் மேசையில் நின்று மேலே வந்தவர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைக்குத் தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவர் தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. அதனால் சட்டத்தைக் காட்டாமல் உங்களையே கேட்கிறேன். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சுவரில் ஒட்டுங்கள். புது ஸ்டைல் ஏறும் முதல் நாட்களைச் சதவீதத்தில் சேர்க்காதீர்கள். சிவப்பைக் காட்டிப் பணத்தைக் குறைத்தால், குறைத்தவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பஞ்சப்படிக்காக (அகவிலைப்படிக்காக) 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சங்கங்களோடு சம்பள ஒப்பந்தம் பேசும்போது பீஸ் ரேட்டோடு இந்த நிமிடத்தையும் பேச்சுக்கு எடுங்கள். அதுவரை அந்த நிறுத்த பட்டனை மட்டுமாவது டெய்லரின் கைக்கு மாற்றுங்கள். சூப்பர்வைசர் பிறகு வந்து சரிபார்த்துக்கொள்ளட்டும். மென்பொருளில் அது ஒரு நாள் வேலைதான் என்று திரையை மாட்ட வந்த பையனே சொன்னான்.

இப்படிக்கு,
ஓர் ஓவர்லாக் டெய்லர்,
திருப்பூர்