அடிக்கணக்கு மட்டும் காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மாரி தொடங்கினா உங்கட பேப்பரில இரணைமடுக் குளத்தில தண்ணி இத்தினை அடி, முத்தையன்கட்டுக் குளத்தில இத்தினை அடி, வவுனிக்குளம் நிறைஞ்சு வான் பாயுது எண்டு போட்டுக்கொண்டே இருப்பியள், நல்ல விசயம், கமக்காரருக்கு அது கட்டாயம் வேணும். ஆனா அதே குளத்தில குளிக்க, நீந்த இறங்குற சனத்துக்கு அந்த அடிக்கணக்கு மட்டும் காணாது. வான் பாயுது எண்டு செய்தி வந்த அண்டைக்கே பெடியள் டவலும் சோப்புமா மோட்டச்சைக்கிளில வெளிக்கிட்டிடுவினம், நீங்கள் போட்டது செய்தியோ அழைப்பிதழோ எண்டு எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும்.

எங்கட ஆக்கள் காலை வைச்சுப் பாத்து, கூதல் இல்லையெண்டா இறங்கிடுவினம். கனடாவில இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு அந்தக் கணக்குச் சரி. அங்க ஒன்ராறியோ ஏரி ஆடி ஆவணியிலதான் 20 பாகைக்கு வரும், அதுவும் காத்து மாறி அடிச்சு மேல நிக்கிற சூட்டுத் தண்ணிய அங்கால தள்ளிக்கொண்டு போனா அடித்தண்ணி மேல வந்து ஒரே நாளில பத்துப் பாகைகூட இறங்கிப்போடும். 15 பாகைக்குக் கீழான தண்ணிக்குள்ள திடீரெண்டு விழுந்தா மூச்சு தன்பாட்டில இழுக்கும், தலை தண்ணிக்குள்ள இருந்தா அந்த இழுவையோடயே தண்ணி உள்ள போயிடும், நல்ல நீச்சல்காரனுக்கும் அதுதான் கதி. அதால அங்க தண்ணிட பாகையே எச்சரிக்கை மாதிரி. எங்கட குளத்தில அப்பிடி ஒரு குளிர் ஒரு மாசமும் இல்லை. தை மாச விடியலில 25ஐ ஒட்டி நிக்கும், சித்திரை பிறந்தாப் பிறகு பின்னேரத்தில கரையோரம் 31, 32 எண்டு போகும். நீச்சல் போட்டி வைக்கிற தடாகத்திலயே 25இல இருந்து 28க்குள்ளதான் வைச்சிருக்கிறவை, அப்ப பாருங்கோவன், வருசம் முழுக்க எங்கட குளத்தில கால் வைச்சுப் பாக்கிறவனுக்கு வேண்டாம் எண்டு தண்ணி ஒருநாளும் சொல்லாது.

மார்கழியில என்ன நடக்குதெண்டு சொல்லுறன். வான் பாயேக்க சனம் நிக்கிறது வானுக்கு, அதான் குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழியிற கட்டுக்குக் கீழ. முழங்காலளவுதானே எண்டு நினைப்பினம். கல்லில பாசி பிடிச்சிருக்கும், செருப்பைக் கழட்டினாலும் வழுக்கும், போட்டிருந்தா இன்னும் வழுக்கும். விழுற தண்ணி அடியில போய்த் திரும்பி மேல எழும்பி வானுக்கே பின்னால இழுக்கும், அந்தச் சுழிக்குள்ள போனவன் எதிர்நீச்சல் அடிக்க அடிக்கக் களைப்பானே ஒழிய வெளிய வரமாட்டான். அதைவிட வான்கதவு இருக்கிற குளமெண்டா மேல எங்கயோ காட்டுப்பக்கம் மழை கொட்ட, இஞ்ச வெயில் எறிச்சுக்கொண்டு இருக்கேக்கயே கதவைத் திறக்க வேண்டி வரும். 2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சி, முல்லைத்தீவு சனத்துக்கு விடியமுன்னம் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை மறந்திருக்க மாட்டினம், அந்த வேகத்தில வாற தண்ணிக்கு முன்னால செல்பி எடுத்துக்கொண்டு நிண்டா என்னெண்டு ஓடுறது?

துருசடி, அதான் வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மதகடி, அதைவிடப் பொல்லாதது, ஏனெண்டா அங்க ஒண்டும் தெரியாது. சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்து விட்டிருக்கேக்க மேல தண்ணி ஆடாம அசையாம எண்ணெய் மாதிரிக் கிடக்கும், அடியில துருசு வாய் உறிஞ்சிக்கொண்டு இருக்கும். கட்டில இருந்து பாய்ஞ்சு அடிமட்டும் போற பெடியனுக்கு அது காலைப் பிடிச்சாத்தான் விளங்கும். திறந்திருக்கோ பூட்டியிருக்கோ எண்டு பாக்க வழி இருக்கு, கட்டுக்கு மற்றப்பக்கம் போய் வாய்க்காலைப் பாத்தாக் காணும், வாய்க்கால் ஓடினா அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

மாசி, பங்குனிதான் எங்கட குளத்தில நீந்தத் தோதான காலம். வெள்ளம் அடங்கி, மண் படிஞ்சு தண்ணி தெளிஞ்சிருக்கும், 27, 28 பாகையில உடம்புக்கும் இதமா இருக்கும். ஆனா இதமெண்டு சின்னப் பிள்ளையளை மணிக்கணக்கா உள்ள விடாதேங்கோ, காத்தைவிடத் தண்ணி இருபத்தஞ்சு மடங்கு வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும், சொண்டு நீலம் பாரிச்சுப் பல்லு அடிக்கத் தொடங்கினா வெயில் எறிச்சாலும் வெளிய எடுத்துத் துவட்டுறதுதான் சரி.

மீன்தொட்டிக்கு விக்கிற தெர்மாமீட்டர் ஒண்டை ஈயக்குண்டோட நைலோன் நூலில கட்டி, காத்து இல்லாத ஒரு வைகாசி மத்தியானம் எங்கட குளத்தில இறக்கிப் பாத்தனான். மேல 32, ஆள் உயரத்துக்குக் கீழ ரெண்டு மூண்டு பாகை குறைவு. தலை வேர்க்கக் கால் கூதலா இருக்கிறது அதாலதான். களைச்சு வந்தவன் நேர நடுவுக்கு நீந்தி, அங்க நரம்பு இழுத்துதெண்டா, நிலம் எட்டாது. சோளகம் பலமா அடிக்கத் தொடங்கினா ரெண்டும் கலந்து ஒரே சூடா வந்திடும், ஆனா அந்தக் காத்து அலையைக் கிளப்பி ஆளை நினைக்காத பக்கம் தள்ளும், அதையும் பாக்கவேணும்.

ஆடி ஆவணியில பள்ளிக்கூட லீவெண்டு வெளிநாட்டுப் பிள்ளையள் வருவினம், மடுத் திருவிழாவுக்குப் போற சனமும் வழியில குளத்தைக் கண்டா வாகனத்தை நிப்பாட்டும். அந்த நேரம் தண்ணி வத்தி, முதலையெல்லாம் மிச்சத் தண்ணிக்குள்ள வந்து கூடியிருக்கும், ஊர்ச்சனத்தைக் கேக்காம இறங்காதேங்கோ. கிரவலோ மணலோ அள்ளின கிடங்கும் அப்பதான் ஆளைக் கொல்லும், இடுப்பளவில நடந்து போனவன் அடுத்த அடியில தலைக்கு மேல தாழுவான். பச்சைப் பெயின்ட் ஊத்தின மாதிரித் தண்ணி கிடந்தா அது நச்சுப் பாசியா இருக்கலாம், மாட்டைக்கூட இறக்கக் கூடாது. சூட்டுத் தண்ணி மூக்குக்குள்ள ஏறினா மூளையைத் தாக்கிற அமீபாக் காய்ச்சலைப் பற்றி 2024, 2025இல கேரளாவில இருந்து வந்த செய்தியை நீங்களும் போட்டிருப்பியள், அரிதுதான், ஆனாலும் கலங்கல் தண்ணியில சுழியோடுறதை விட்டா என்ன குறைஞ்சுபோகும். மாரி வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலும் இருக்கு, காலில காயம் இருந்தா இறங்காம விடுங்கோ. சாராயம் குடிச்சுப்போட்டு நீந்திறவைக்கு நான் என்னத்தைச் சொல்ல, அவையள் பேப்பர் வாசிக்கப் போறதுமில்லை.

அதால ஆசிரியர் ஐயா, அடிக்கணக்குப் போடேக்க பக்கத்தில ரெண்டு வரி சேருங்கோ. எந்தக் குளத்தில எந்தப் பக்கத்துத் துருசு திறந்திருக்கு, எந்த வான்கதவு திறக்கப் போகினம் எண்டு. அதிகாரியளிட்ட அந்த விபரம் எப்பிடியும் இருக்கு, கமக்காரர் அமைப்பிட்டயும் இருக்கு, கேட்டா ஒரு போனில சொல்லுவினம். வானடியிலயும் துருசடியிலயும் ஒரு போர்ட், ஒரு கயிறு, மூடி இறுக்கின வெறும் பிளாஸ்டிக் கான் ஒண்டு கட்டி வைச்சாலே பெரிய உதவி, ஆள் தாழேக்க எறியிறதுக்கு. நீந்தத் தெரியாதவன் காப்பாத்தப் பாய்ஞ்சு ரெண்டு பேராப் போறதுதான் வழமையா நடக்கிறது. போர்டில இதையும் எழுதுங்கோ: வெளிய எடுத்த ஆளைத் தலைகீழாத் தூக்கிச் சுத்தாதேங்கோ, வயித்தை அமுக்காதேங்கோ, மூச்சு இல்லையெண்டா வாயில ஊதி நெஞ்சை அமுக்கிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்கோ. போர்ட் ஆற்ற பொறுப்பு எண்டு ஒருத்தரை ஒருத்தர் கை காட்டாம, இந்த ஐப்பசி மழைக்கு முதல் நட்டா நல்லம்.

இப்படிக்கு,
குளக்கட்டடி வாசகன்,
கிளிநொச்சி.