செயற்கை முத்தைச் செயற்கை முத்தென்றே விற்க வேண்டும்: வேலூர் ஃபேன்சி, கவரிங் நகை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். வேலூர், குடியாத்தம் பகுதிகளில் திருவிழாக் கடை முதல் பெரிய ஃபேன்சி ஸ்டோர் வரை செயற்கை முத்துமாலைகள் நன்றாக விற்பனையாவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சிகிச்சைக்காகவும் ஸ்ரீபுரம் பொற்கோயிலைத் தரிசிக்கவும் வரும் வெளியூர்க்காரர்களிடம் சில கடைகளில் அதே மாலைகள் ‘ஒரிஜினல் ஹைதராபாத் முத்து’ என்று சொல்லி விற்கப்படுவது வேதனை தருகிறது. செயற்கை முத்துக்கென்று சொந்தமாக ஒரு வரலாறு இருக்கும்போது, அதற்கு இரவல் பெயர் எதற்கு?

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜெபமாலை செய்துவந்த ஜாக்கேன் என்பவர், ஆற்று மீனின் செதிலிலிருந்து வெள்ளிபோல் மின்னும் சாந்தை எடுத்து, உள்ளீடற்ற கண்ணாடி மணிகளின் உட்புறத்தில் பூசி மெழுகால் நிரப்பினார். அந்தப் பளபளப்புக்குக் காரணம் செதிலில் உள்ள குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள். இதே மீன்செதில் சாந்தைத் திடமான கண்ணாடி மணியின் மேல் பூசும் முறையில் வளர்ந்ததே ஸ்பெயினின் மஜோரிகா நிறுவனம். ஜெர்மானியரான எடுவர்ட் ஹ்யூகோ ஹோய்ஷ் 1890இல் தொடங்கிய அந்நிறுவனம், மயோர்க்கா தீவின் மனகோர் நகரில் வேரூன்றியது. மணியைச் சாந்தில் முக்கி, உலர்த்தி, மெருகேற்றி, மறுபடியும் முக்கி எனப் பல பூச்சுகள் ஏற்றுகிறார்கள். இந்தப் பொறுமைதான் அவர்களுடைய மூலதனம் என்பேன். சிப்பியில் விளையாத அந்த முத்தை, மஜோரிகா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். 1920களில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் அசல் முத்தையும் செயற்கை முத்தையும் கலந்தே அணிந்து காட்டியபோது, இந்நகைகளை அணிவதில் இருந்த கூச்சமும் பெருமளவு விலகியது.

நம் கடைகளில் கண்ணாடி மணியும் பிளாஸ்டிக் மணியும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. கண்ணாடி மணி கையில் கனக்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் மணி லேசாக இருக்கும். நூல் கோத்த துளையின் ஓரத்தை உருப்பெருக்கியால் பார்த்தால், பூச்சு உரிந்து உள்ளிருக்கும் மணி வெளித்தெரிவதைப் பல மாலைகளில் காணலாம். பல்லில் மெல்ல உரசினால் அசல் முத்து நறநறக்கும், செயற்கை முத்து வழுக்கும். இவ்வளவு எளிதில் வெளிப்பட்டுவிடும் உண்மையை மறைத்து விற்பது, ஊருக்குத் திரும்பிய வாடிக்கையாளர் வேலூரின் பெயரையே பழிக்க இடம் கொடுப்பதாகும். பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் முறையற்ற வணிகமே.

ஆகவே ஒவ்வொரு மாலையுடனும் ஒரு சிறு அட்டை இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செயற்கை முத்து என்பதும், உள்ளே இருப்பது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதும், வியர்வையும் சென்ட்டும் பட்டால் பூச்சு கெடும் என்பதும் அதில் தமிழிலும், வெளியூரார் படிக்க ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். பில்லிலும் அவ்வாறே குறிப்பிடுங்கள். வைகாசியில் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சரக்கு எடுப்பதற்கு முன்பாகவே, உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேலூரைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர்