சான்றிட்ட நகலும் கண்ணில் படாத அறிவிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சி வெளியிடும் பொது அறிவிப்புகளும், அதே நகராட்சியின் பதிவேடுகளிலிருந்து நாம் விண்ணப்பித்துப் பெறும் சான்றிட்ட நகல்களும் ஒரே கோப்பிலிருந்து வருபவை. ஆனாலும் அறிவிப்பைப் படித்தவருக்கு எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று தெரிவதில்லை. பதிவேட்டைத் தேடிப் போகிறவருக்கு அதன் தொடர்பான அறிவிப்பு எந்த நாளில், எந்தப் பக்கத்தில் வந்தது என்று தெரிவதில்லை. இதைச் சரிசெய்வதில் தங்கள் நாளிதழுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் எல்லையை மாற்றியமைத்த பழைய தீர்மானம் ஒன்றின் நகல் எனக்குத் தேவைப்பட்டது. ‘தெரு தொடர்பான அனைத்து ஆவணங்களும் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்த முதல் விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. கோபம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் எழுத்தர் சொன்னதில் தவறில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அங்கே தீர்மானங்கள் தெருப் பெயரால் அடுக்கப்படுவதில்லை. கூட்டம் நடந்த தேதியோ தீர்மான எண்ணோ இருந்தால்தான் ஏட்டை எடுக்க முடியும். அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க, நூலகத்தில் கட்டிவைத்திருந்த பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஓர் அறிவிப்பில் கூட்டத் தேதி மட்டும் இருந்தது. தீர்மான எண்ணும் இல்லை, கோப்பு எண்ணும் இல்லை. எனினும் அந்த ஒரு தேதியே போதுமானதாக இருந்தது.

கிடைத்த நகல் 14 பக்கம். கடைசிப் பக்கத்தில் மட்டும் முத்திரையும் கையொப்பமும் இருந்தன. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இன்னோர் அலுவலகத்தில், முதல் 13 பக்கங்களை யார் வேண்டுமானாலும் இடையில் செருகியிருக்கலாமே என்று கேட்டு ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. இரண்டாம் முறை ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் சுருக்கொப்பமும் இட்டு, மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையைக் குறித்து, இறுதியில் ‘மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற வாசகத்தின் கீழ் அலுவலரின் பெயர், பதவி, தேதி ஆகியவற்றுடன் கொடுத்தார்கள். நகலை வாங்கியதும் படியிறங்கிவிடாமல், அங்கேயே நின்று இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் கையிலுள்ள பழைய நகலை ஒளிநகல் எடுத்து, யாரிடமாவது ‘உண்மை நகல்’ என்று கையொப்பம் வாங்கிவிட்டால் அதுவும் சான்றிட்ட நகல்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். தமக்குக் காட்டப்பட்ட தாளும் நகலும் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் அந்தக் கையொப்பக்காரர் எதற்கும் பொறுப்பேற்க முடியாது. காட்டப்பட்ட தாளே பிழையானதாக இருந்தால் அவருக்கு அது தெரியப்போவதில்லை. மூலத்தைத் தன் காவலில் வைத்திருக்கும் அலுவலகம் மட்டுமே அதன் உள்ளடக்கத்துக்குச் சான்று கூற முடியும். வெளிநாட்டில் காட்டவேண்டிய ஆவணங்களில் இந்த வேறுபாடு இன்னும் கடுமையாகத் தலைகாட்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி இணைக்கப்படும் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான அரசுச் சான்று, கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் இன்ன பதவியில் இட்டார், முத்திரை இன்னாருடையது என்பவற்றை மட்டுமே உறுதிசெய்கிறது. ஆவணத்தில் உள்ள செய்தி சரிதானா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனவே பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், மூலப் பதிவேட்டிலேயே திருத்திய பிறகு நகல் வாங்குவதே முறை.

இனி, அறிவிப்புகளுக்கு வருகிறேன். ஆட்சேபணை தெரிவிக்க வேண்டிய காலக்கெடு பெரும்பாலும் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நம் கண்ணில் பட்ட நாள் கணக்கில் வராது. அப்படியிருக்க, நில அளவை எண்ணை மட்டும் குறிப்பிட்டு, தெருவின் பெயரையோ வழக்கிலுள்ள அடையாளத்தையோ சொல்லாமல் பொடி எழுத்தில் அச்சிடப்படும் அறிவிப்பு, தன் வீட்டுக்கு அடுத்த மனையைப் பற்றியது என்று எத்தனை பேருக்குப் புரியும்? நானே அத்தகைய ஓர் அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, வேறெங்கோ உள்ள இடம் என்று கடந்து போனேன்.

இணையத்தில் தேடலாமே என்பார்கள். பல அறிவிப்புகள் ஸ்கேன் செய்த படமாகவே ஏற்றப்படுவதால், தேடுபொறிக்கு அவற்றில் ஒரு சொல்கூடத் தெரிவதில்லை. எழுத்தாகவே இருப்பவற்றிலும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை உண்டு. திரையில் நல்ல தமிழாகத் தெரியும் வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக உதிர்ந்து விழுகின்றன. 1665இல் ஆக்ஸ்ஃபோர்டு கெஜட் என்ற பெயரில் தொடங்கிய லண்டன் கெஜட், இன்றும் அரசு அறிவிப்புகளை வெளியிட்டுவருகிறது. அதன் மிகப் பழைய இதழ்களையும் இணையத்தில் பெயரிட்டுத் தேட முடிகிறது. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய அறிவிப்பு கைக்கு எட்டுகிறது, போன மாதத்துத் தமிழ் அறிவிப்பு எட்டுவதில்லை! அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று ஸ்வீடன் சட்டம் இயற்றியது 1766இல். பார்க்கும் உரிமையை எவ்வளவு விரிவாக எழுதிவைத்தாலும், எதைக் கேட்பது என்று தெரியாதவருக்கு அது பயன்படாது.

ஆகவே நகராட்சி நிர்வாகங்கள் ஒவ்வொரு பொது அறிவிப்பின் அடியிலும் கோப்பு எண், தீர்மான எண், கூட்டத் தேதி, கோப்பை வைத்திருக்கும் பிரிவு ஆகியவற்றை ஒரே வரியில் அச்சிட வேண்டும். ஆட்சேபணைக்கான கடைசி நாளை ‘இத்தனை நாட்களுக்குள்’ என்று விடாமல் தேதியாகவே குறிப்பிட வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய அறிவிப்புகளைத் திருமண விளம்பரங்களுக்கும் ஏல விளம்பரங்களுக்கும் இடையில் சிதறவிடாமல், வாரத்தின் எல்லா நாட்களிலும் ஒரே பக்கத்தில் தொகுத்து வெளியிடலாம். மின்னிதழில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தாக ஏற்றலாம். அறிவிப்பு கொடுப்பவர்களிடம் கோப்பு எண் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்கும்படி தங்கள் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்