‘மனம் புண்பட்டது’ என்று டைப் அடித்தவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் இரண்டு கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்து மதம் மாற்றுகிறவர்களை உள்ளே தள்ள வேண்டும் என்கிறார் ஒருவர். தம் வேதத்தைத் தெருமுனையில் கேலி செய்கிறவர்களுக்கு மைக் அனுமதியே தரக்கூடாது என்கிறார் இன்னொருவர். இருவரும் வேறு வேறு மதம். கேட்பது மட்டும் ஒன்றுதான்: மனம் புண்படுத்துகிறவனுக்குக் கடுமையான சட்டம்.

இந்தப் ‘புண்படுதல்’ பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அந்தச் சொல்லை வைத்தே முப்பது வருஷத்துக்கு மேல் சோறு தின்றவன் நான்.

அஸ்தம்பட்டியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் மேசை போட்டு மனு டைப் அடித்துக் கொடுத்தேன். முதலில் ரெமிங்டன் மிஷின், கார்பன் வைத்து மூன்று படி. பிறகு கம்ப்யூட்டர். வருகிறவர்கள் யாரும் ‘புண்பட்டது’ என்று சொல்லி வருவதில்லை. “அவன் எங்க சாமியக் கேவலமாப் பேசிட்டானுங்க, விடக்கூடாதுங்க” என்பார்கள். அதை, “எனது மத உணர்வு மிகவும் புண்பட்டு, கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்” என்று ஆக்குவது என் வேலை. அப்படி எழுதினால்தான் ஸ்டேஷனில் வாங்குவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த ஒரு பத்தியைத் தனி ஃபைலாகவே வைத்திருந்தேன். ஃபைலின் பெயர் ‘புண்’. இந்து வந்தாலும் கிறிஸ்தவர் வந்தாலும் முஸ்லிம் வந்தாலும் அதே பத்திதான். சாமி பேரை மட்டும் மாற்றுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

அதில் ஒரு மனு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த கேலிப் படம் ஒன்றைத் தெரு குரூப்பில் ஃபார்வர்டு செய்துவிட்டான். அசிங்கமான படம்தான், நானும் பார்த்தேன். அவன் மேல் புகார் கொடுக்க நாலு பேர் வந்தார்கள். ‘புண்’ ஃபைலைத் திறந்தேன், ஒட்டினேன், அறுபது ரூபாய் வாங்கினேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மத உணர்வைப் புண்படுத்துவதற்கான பிரிவு 295-ஏ போட்டார்கள்.

அந்தப் பிரிவு 1927-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 299 என்று நம்பர் மாறியிருக்கிறது, சங்கதி அதேதான். “வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்” அவமதித்திருக்க வேண்டும் என்று பிரிவிலேயே இருக்கிறது. தெரியாமலோ கவனக்குறைவாகவோ பேசியது இதில் வராது என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு அனுமதி தராமல் கோர்ட் இந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எஃப்.ஐ.ஆர். போட அந்த அனுமதி வேண்டாம், கைது செய்யவும் வேண்டாம். ஜாமீன் தானாகக் கிடைக்காத பிரிவு வேறு. பையனுக்கு அந்த வருஷம் போலீஸ் வேலைத் தேர்வில் பெயர் வந்திருந்தது. சரிபார்ப்பில் வழக்கு நிலுவை என்று நின்றது. அத்தோடு போயிற்று. அவன் அப்பா ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வழக்கை முடிக்க வேறு மனு அடிக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

‘உன் சாமியைச் சொன்னால் தெரியும்’ என்று வாசகர் கேட்கலாம். சொன்னார்கள் ஐயா. நான் கோட்டை மாரியம்மனுக்கு ஆடி தவறாமல் போகிறவன். ஒரு ஆடி மாசம் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் தம்பி ஒருவர் என் மேசையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போனார். அதில் அம்மனைப் பிசாசு என்று அச்சடித்திருந்தது. சுர்ரென்று ஏறியது. கிழிக்கப் போனேன், அப்புறம் மேசைக்கால் ஆடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. எட்டாக மடித்துக் கால் அடியில் வைத்தேன். மறுநாள் அவர் வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, எங்க பிரசுரத்த மிதிக்க வெச்சிட்டீங்களே” என்றார். இப்போது புண்பட்டது அவர். “உக்காருங்க தம்பி, டீ சொல்றேன்” என்றேன். அம்மனுக்குக் கூழ் எதற்கு என்று அவர் கேட்க, உங்கள் சர்ச்சில் அப்பமும் திராட்சை ரசமும் எதற்கு என்று நான் கேட்க, வாரம் ஒரு நாள் என்று நாலைந்து வருஷம் ஓடியது. அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. என் சர்க்கரைக்காக ஜெபம் செய்வார். இறங்கவில்லை, மெட்ஃபார்மின் மாத்திரைதான் ஓடுகிறது.

மதமாற்றத்துக்கு வருகிறேன். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், அவசரச் சட்டமாக, வந்தது. பலவந்தம், ஆசை காட்டுதல், மோசடி மூன்றும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணோ சிறுவரோ தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியோ என்றால் நான்கு. மதம் மாற்றிவைத்தவர் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும். 2004 மே மாதம் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இடைக்காலத்தில் ஏற்காட்டு மலையிலிருந்து இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். மலையாளிக் கவுண்டர்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலைப் பழங்குடியினர்), அண்ணன் தம்பி. தம்பியைப் பாதிரியார் பலவந்தமாக மாற்றிவிட்டார் என்று புகார் எழுத வேண்டும் என்றார் அண்ணன். பலவந்தப்படுத்தப்பட்ட தம்பியோ பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறார்! “யாருப்பா உன்னைப் பலவந்தப்படுத்தினது?” என்றேன். “யாருமில்லீங்க. அண்ணந்தான் இங்க இழுத்துக்கிட்டு வந்தாரு” என்றார்.

தோண்டத் தோண்ட வந்தது வேறு. ஊர்ப் பண்டிகைக்கு வரி கட்ட மாட்டேன் என்று தம்பி நின்றுவிட்டார். வரி கட்டாதவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வராது. நாளைக்கு அம்மா போனால் யார் தூக்குவது, எங்கே புதைப்பது என்பதுதான் அண்ணனின் கவலை. நியாயமான கவலை. அதற்கு ஊர்க்கவுண்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டம் பிணம் தூக்காது.

ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்கிறார் வாசகர். சில இடத்தில் இருக்கலாம். ஆனால் சாதிச் சான்றிதழ் விண்ணப்பமும் அடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி, ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானாலோ முஸ்லிமானாலோ எஸ்.சி. சலுகை போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் சேர்த்தார்கள், இவர்களுக்கு இல்லை. மலையில் இருக்கிற மலையாளிக்கு அந்தக் கணக்கு இல்லை, எஸ்.டி. பட்டியல் மதம் பார்ப்பதில்லை. ஆக, கீழே சேலத்தில் மாறுகிறவர் ஆசைக்கு மாறினால் பெறுவதைவிட இழப்பதுதான் அதிகம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்பதற்கு முன்னால் அந்த ஆணையை ஒருதரம் படிக்கலாம். இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாசகர் எடுத்துக்காட்டுகிறார். சரி. அந்தத் தீர்ப்பு பேசுகிற அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவில், மாறுகிறவனுக்கு மனச்சாட்சி உரிமை என்று முதல் வரியிலேயே இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்?

எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நான் சொல்லவில்லை. அவனை அடி, அவன் கடையில் வாங்காதே, அவனுக்கு வீடு விடாதே என்று பேசுகிறவன் எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் பிடித்துப் போடுங்கள். மாத்திரையை நிறுத்து, ஜெபத்தில் குணமாகும், தாயத்தில் குணமாகும் என்கிறவனையும்தான். இரவு பத்துக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் வைக்கிறவனை மதம் பார்க்காமல் பிடியுங்கள். நான் அடித்த மதச் சண்டை மனுக்களில் பாதி, உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் சண்டைதான்.

இந்த ஊர் இதற்கெல்லாம் புதிதல்ல. 1882-ல் மத மோதலில் சேலமே கலங்கியது. அதில் சிக்கித் தண்டனை பெற்று, பிறகு வழக்காடி வெளியே வந்த சேலம் விஜயராகவாச்சாரியார்தான் 1920-ல் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1971 ஜனவரியில் பெரியாரின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு இங்கேதான். அந்த ஊர்வலத்தில் ராமர் படத்தைச் செருப்பால் அடித்தார்கள் என்பது பற்றி இன்னமும் சண்டை ஓயவில்லை. 2020-ல் ரஜினிகாந்த் அதைப் பற்றிப் பேசியபோது மறுபடி கிளம்பியது. யார் முதலில் செருப்பு எறிந்தது என்று என்னையும் கேட்பார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயசு, அப்பா கதவைச் சாத்தி உள்ளே வைத்துவிட்டார். சேலத்தில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேர் நேரில் பார்த்ததாகச் சொல்வார்கள்; அத்தனை பேர் நின்றிருந்தால் ஊர்வலம் நகர்ந்திருக்காது. ராமரை அடித்தவர்களுக்கா ஓட்டு என்று அந்தத் தேர்தலில் கேட்டார்கள். மார்ச்சில், பெரியார் ஆதரித்த தி.மு.க. 184 இடம் ஜெயித்தது. ராமர் கோயில்களிலும் கூட்டம் குறையவில்லை. அதற்கு அடுத்த ராமநவமிக்கு அப்பாவோடு போய்ப் பானகம் குடித்தவன் நான்.

அண்ணன் தம்பி மனுவை அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். பேப்பர் காசு மட்டும் வாங்கினேன். அடிவாரம் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் எழுந்தார். தம்பியின் வடைக்கும் சேர்த்து அவர்தான் கொடுத்தார்.

இப்படிக்கு,
முன்னாள் மனு தட்டச்சர்,
அஸ்தம்பட்டி, சேலம்.